பழைய கணினிகளில் இயங்குதள இற்றைப்படுத்தலை நிறுத்துதல்

பழைய கணினிகளில் இயங்குதள இற்றைப்படுத்தலை நிறுத்துதல் என்பது, ஆதரவு முடிந்த வன்பொருளில் புதிய இயங்குதளப் பதிப்புகளை நிறுவுவதை எந்தக் கட்டத்தில் கைவிடலாம் என்று பயனர் எடுக்கும் முடிவைக் குறிக்கும். ஒரு வீட்டில் இருப்பது ஒரே கணினி என்றால் இம்முடிவு படிப்பையும் பணத்தையும் பாதுகாப்பையும் பாதிக்கும்.

பின்னணி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட இக்கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில் பல குடும்பங்களுக்கு முதல் கணினி இப்படித்தான் வந்தது. தொடக்கக் கட்டக் கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 11-க்கு 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பிடம், டிபிஎம் 2.0 ஆகியவை தேவை. இன்டெல் செயலி என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். அத்தலைமுறை 2017இல்தான் வெளிவந்தது. எனவே திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகள் இப்பட்டியலில் இடம்பெறா.

இருவகை இற்றைகள்

புதிய வசதிகளைத் தரும் பதிப்பு இற்றையும், கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு இற்றையும் வெவ்வேறானவை. முன்னதை நிறுத்தினால் சில வசதிகள் மட்டுமே கிடைக்காமல் போகும். பின்னதை நிறுத்தினால் கணினி தாக்குதலுக்குத் திறந்து கிடக்கும்.

2017 மே மாதம் பரவிய வான்னாகிரை பணயத் தீநிரல் இதற்குச் சான்று. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை, அப்போது ஆதரவில் இருந்தும் அத்திருத்தம் நிறுவப்படாத விண்டோஸ் 7 கணினிகள். ஆகவே "கணினி மெதுவாகிறது" என்பதற்காகப் பாதுகாப்பு இற்றைகளை அணைத்து வைப்பது சரியான தீர்வன்று.

தடையைத் தாண்டி நிறுவுதல்

வன்பொருள் சோதனையைத் தவிர்த்து விண்டோஸ் 11-ஐ நிறுவும் வழிகள் உள்ளன. ஆனால் அத்தகைய கணினிகளுக்கு இற்றைகள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசாப்ட் அளிப்பதில்லை. 2024இல் வெளியான 24எச்2 பதிப்பு, கோர் 2 டுவோ போன்ற செயலிகளில் இல்லாத கட்டளைகளை எதிர்பார்ப்பதால் அவற்றில் தொடங்குவதே இல்லை. முந்தைய பதிப்பு வரை ஓடிய கணினியும் இப்படி ஒரு நாள் நின்றுபோகலாம்.

நிறுத்த வேண்டிய கட்டம்

பின்வரும் அறிகுறிகள் சேர்ந்து தென்பட்டால் அந்த இயங்குதளத்தில் மேலும் முயல்வதில் பயனில்லை.

1. பாதுகாப்பு இற்றைகள் முற்றிலும் நின்றுவிட்டன.
2. உலாவியும் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 7-இல் இயங்கும் கடைசிக் குரோம் 109ஆம் பதிப்பு. கடைசிப் பயர்பாக்ஸ் 115ஆம் பதிப்பு.
3. திரை, வைஃபை, ஒலி ஆகியவற்றுக்கான இயக்கிகள் புதிய பதிப்புக்குக் கிடைப்பதில்லை.
4. நினைவகத்தைக் கூட்டி, வன்வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்திய பின்னும் அன்றாட வேலை நகர்வதில்லை.

அடுத்த வழிகள்

முதல் வழி, இலகுவான லினக்சுக்கு மாறுவது. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய திரைச்சூழல்கள் குறைந்த நினைவகத்திலும் இயங்கும். தமிழ்99 விசைப்பலகையும் லிப்ரேஆபிசும் அவற்றில் கிடைக்கும். எனினும் இங்கும் எல்லை உண்டு. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32-பிட் கணினிகளுக்கான நிறுவியை வழங்கவில்லை. எனவே செயலி 64-பிட் வகையா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, இணையத்தைத் துண்டித்துப் பயன்படுத்துவது. எடுத்துக்காட்டாக, சேலம் வட்டாரத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் பழைய விண்டோசில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் இருந்தால், அக்கணினியை வலையிணைப்பு இன்றித் தொடரலாம். ஆனால் பென்டிரைவ் வழியாகவும் தீநிரல் வரும். வங்கிப் பரிமாற்றம், மின்னஞ்சல் ஆகியவற்றை அதில் செய்யக்கூடாது.

எந்த வழியானாலும் சான்றிதழ்கள், படங்கள், கணக்குகளை வேறொரு வட்டில் நகலெடுத்த பின்பே தொடங்க வேண்டும்.

கழிவாகும்போது

எதற்கும் உதவாத கணினியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது வழக்கம். அதிலுள்ள ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் மண்ணையும் நீரையும் கெடுக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை. அதற்கு முன் வன்வட்டிலுள்ள தரவுகளை முழுமையாக அழித்துவிட வேண்டும்.