யாளி எந்தக் காலை முதலில் வைக்கும்?

"நடக்குது மாமா, ஆனா வழுக்கிக்கிட்டே போகுது" என்று மருமகன் தான் செய்த அசைபடத்தைப் போனில் நீட்டினான். யானைத் தலை, சிங்க உடல், அவனாகச் சேர்த்த ஒரு நீண்ட வால். கண்டியச் சிற்பிகள் கஜசிங்கம் என்று செதுக்கியதும் நம் கோயில் தூண்களில் யாளியாக நிற்பதும் இதன் உறவுகள்தான். தூணில் நிற்கிறவரைக்கும் அதற்கு நடை தேவைப்படவில்லை. இவனுக்கு இப்போது அதை நடக்கவைக்க வேண்டும்.

கண்டி மஹய்யாவவில் எங்கள் வாசலுக்கு முன்னால் சரிவான ஒழுங்கை. ஒரு தெருநாய் மெதுவாக ஏறி வந்தது. "அதோட காலை மட்டும் பாரு" என்றேன். இடது பின்னங்கால் முன்னேறி, இடது முன்னங்காலின் குதிகாலைத் தொட்டுவிடுவதுபோல் வருகிறது. தொடுமுன் முன்னங்கால் எழுந்து இடம் விடுகிறது. பிறகு வலது பின்னங்கால், வலது முன்னங்கால். இடது பின், இடது முன், வலது பின், வலது முன்: குதிரையும் மாடும் யானையும் இதே வரிசையில்தான் நடக்கின்றன. ஒரு கால் எழும்போது மற்ற மூன்றும் முக்காலிபோல் தாங்க, உடலின் பாரம் அந்த முக்கோணத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். மெல்ல நடக்கிற விலங்குக்கு இதைவிடப் பாதுகாப்பான வரிசை கிடையாது.

இவனோ குறுக்குக் கால்களைச் சோடி சோடியாகத் தூக்கியிருந்தான். அது நாய் மெல்லோட்டமாக ஓடும் நடை. பெரிய ஓவியர்களே சறுக்கிய இடம் இது. எட்வர்ட் மைப்ரிட்ஜ் விலங்குகளின் அசைவை வரிசைப் புகைப்படங்களாக எடுத்து 1887இல் வெளியிட்டார். அவருக்கு முந்தைய நவீன ஓவியங்களில் 83.5 சதவீதம் கால் வரிசையைத் தவறாகக் காட்டின. அவருக்குப் பிறகும் 57.9 சதவீதம். 2012இல் இதைக் கணக்கிட்ட ஹங்கேரிய ஆய்வாளர்கள் குகை ஓவியங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பிழை 46.2 சதவீதம்தான்! வேட்டைக்காகக் கண் இமைக்காமல் பார்த்தவர்களின் கை அது என்றே நான் நினைக்கிறேன்.

வரிசை சரியானதும் வேகம். நான்கு கால்களும் ஒருமுறை எடுத்துவைக்கும் ஒரு சுற்றை இவன் 24 பிரேமில், அதாவது ஒரே வினாடியில் முடித்திருந்தான். கால் ஒரு ஊசல். நீளம் நான்கு மடங்கானால் ஆடும் நேரம் இரண்டு மடங்காகும். யானை நிதானமாகத் தெரிவது குணத்தால் மட்டுமல்ல, காலின் நீளத்தாலும்தான். இவனுடைய யாளி ஆளுயரம் என்பதால் 36 பிரேம் கொடுத்தோம். பாதங்கள் 1, 10, 19, 28ஆம் பிரேம்களில் தரையைத் தொடும். தரையில் பதிந்த பாதம், உடலை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு பிரேமிலும் ஒரே அளவாகப் பின்னால் நகர வேண்டும். இதில் கொஞ்சம் பிசகினாலும் வழுக்கல்தான். அவன் சிக்கியதும் இங்கேதான்.

கண்டி எசல பெரஹரா ஊர்வலத்தில் கொப்பரைத் தீப்பந்த வெளிச்சத்தில் யானைகள் போகும்போது அலங்காரத் துணி உடலை மூடிவிடும், கால்கள் மட்டும் தெரியும். அடுத்த முறை ஒரு பாதத்தையே கவனியுங்கள். பாரம் இறங்கும்போது அகலும், தூக்கும்போது சுருங்கும். உள்ளே கொழுப்பு மெத்தை. அதனால்தான் அவ்வளவு பாரமும் அத்தனை மெதுவாக இறங்குகிறது. தாய்லாந்து யானைகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்தபோதும் அவற்றின் நான்கு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழவில்லை, கால் வரிசையும் மாறவில்லை.

அப்படியானால் யாளி விரைந்தால் சிங்கம்போல் பாயுமா, யானைபோல் வேகநடை போடுமா? "உடம்பு சிங்கம்தானே மாமா, பாயட்டும்" என்றான். சரி, பாயட்டும். ஆனால் சிங்கத்தின் முன்னங்காலை உடலோடு பிணைப்பது எலும்பு மூட்டு அல்ல, தசைதான். முன்பாதத்தில் பாரம் ஏறும்போது தோள்பட்டை எலும்பு முதுகுக்கு மேலே துருத்தி எழும். அந்தத் தோளில் யானைத் தலையின் பாரமும் ஏறினால்?

முன்பாதம் பதிகிற பிரேமுக்கு அடுத்த மூன்றில் தோளை உயர்த்தினான், தலையைச் சற்றுத் தாழ்த்தினான், தும்பிக்கை நுனியை இன்னும் இரண்டு பிரேம் பிந்தவிட்டான். ஓடவிட்டுப் பார்த்தோம். போன் திரைக்குள் பாரமான ஒன்று நடந்துபோனது. அவன் ஒன்றும் பேசாமல் வாலைத் திருத்த ஆரம்பித்தான்.