லயத்துக் கூரையும் நெருப்பும்

வீட்டில் தீப்பிடித்தால் என் செய்வது என்று பத்திரிகைகளில் எழுதப்பெறும் உபதேசங்களிற் பெரும்பாலானவை, நாற்புறமும் வெளியுள்ள தனி வீட்டையும், கூப்பிட்ட சிறிது நேரத்தில் வந்து நிற்கும் தீயணைப்பு வண்டியையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. இலங்கை மலையகத்தில் ஹற்றனிலிருந்து பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா என்று விரிந்துகிடக்கும் தேயிலை மலைகளிலே, வெள்ளைத் துரைமார் காலத்தில் எழுப்பிய லயன்களில் இன்றும் வாழும் குடும்பங்களுக்கு அவற்றுட் பாதி உதவா. 10 அடிக்கு 12 அடி என்று அளந்து கட்டிய காம்பராக்கள் வரிசையாக ஒட்டிநின்று ஒரே தகரக் கூரையைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், ஒரு காம்பராவின் நெருப்பு லயம் முழுவதற்கும் உரிய நெருப்பாகிவிடுகிறது. ஆதலால் தற்காப்பையும் லயம் முழுவதும் கூடியே செய்தாக வேண்டும்.

கூரை வழி ஓடும் தீ

பழைய லயன்கள் பலவற்றில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைவரை எழும்புவதில்லை. சூடான புகை மேலே எழுந்து, பல்லாண்டு அடுப்புக்கரி படிந்து உலர்ந்த மரச்சட்டங்களைப் பற்றிக்கொண்டு கூரையின் அடிப்புறமாகவே ஓடுவதனால், முதற் காம்பராக்காரர் வாளியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது காம்பராவில் உறங்குவோரின் தலைக்குமேல் தீ வந்துவிடுகிறது. கூரைக்குக் கீழான அட்டலில் அடுக்கிய மிலாறு விறகும், பழந்துணியும், பாயும் அதற்கு வேண்டிய இரையாகின்றன. அட்டலைக் காலிசெய்வது குடும்பத்தின் கையில் உள்ளது. சுவரைக் கூரைவரை உயர்த்துவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. தீ நிகழுந்தோறும் தொழிலாளரின் அஜாக்கிரதையைப் பேசிவிட்டு, இந்தச் சுவரைப்பற்றி ஒருவரும் பேசாதிருப்பது நியாயமன்று.

இப்பகுதித் தீ விபத்துச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் காரணம் மின் ஒழுக்கு. ஒரு விளக்குக்கென்று இழுத்த பழைய வயரிலே தொலைக்காட்சி, மின்கேத்தல், இஸ்திரிப்பெட்டி என்று யாவற்றையும் ஏற்றினால், வயர் சூடேறி அதன் மேலுறை உருகுகிறது. ட்ரிப் சுவிட்ச் உள்ள வீட்டார் அதன் பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அது விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

அடுப்பும் விளக்கும்

2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்து மக்கள் பீதியுற்றதும், மறுவருடம் எரிவாயுவே கிடையாமற் போனதும், 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும் யாவரும் அறிந்த விஷயங்கள். அதன் பயனாய், சற்றே விறகடுப்பை விட்டு விலகியிருந்த குடும்பங்களும் கவ்வாத்து மிலாற்றுக்குத் திரும்பின. மழையும் பனியும் ஓயாத மலையில் ஈரவிறகை அடுப்புக்கு மேலேயே காயவைக்கும் வழக்கம் இயல்பானதே எனினும், இரவு படுக்குமுன் அதை இறக்கி அகற்றி, தணலில் நீர் தெளித்து அணைப்பது இன்றியமையாதது.

எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். வாடை வீசினால் மின்விளக்கின் சுவிட்சைக்கூடத் தொடாமல், கதவைத் திறந்து, சிலிண்டரை மூடிவிட்டு வெளியேற வேண்டும். சட்டியிலுள்ள எண்ணெய் பற்றிக்கொண்டால் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. அடுப்பை நிறுத்தி மூடியால் மூட வேண்டும்.

மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைப்பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. கவிழ்ந்த குப்பி விளக்குகளால் வெந்து வருவோருக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலின் வடிவிலிருந்து யோசனை பெற்று, குட்டையாய், கனமாய், விழுந்தாலும் உருண்டோடாதபடி இருபக்கம் தட்டையாய், எண்ணெய் சிந்தாத திருகுமூடியோடு ஒரு கண்ணாடி விளக்கைச் செய்வித்தார். 1998இல் ரோலெக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது. மின்சாரம் நின்ற இரவுகளில் விளக்கேற்றுவோர் இந்த இலக்கணங்களை மனத்தில் வைத்து விளக்கைத் தெரிவு செய்யலாம்.

புகை எனும் விஷம்

குளிர் தாளாமல் தணற்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்குவது நுவரெலியாப் பக்கத்திலே மிகுந்த அபாயம். கரி எரியும்போது எழும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்வதால், தலைவலியும் மயக்கமும் தோன்றி, உறக்கத்திலேயே உயிர் போய்விடும். தீப்பிடித்த வீட்டிலும் பலரைக் கொல்வது சுவாலையினும் புகையே. ஆதலின் ஈரத்துணியால் மூக்கை மூடித் தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும்.

பகலில் வரும் நெருப்பு

இராத்தீயையே நாம் அஞ்சுகிறோம். ஆனால் ஆணும் பெண்ணும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்ட முற்பகலிலே, லயத்தில் எஞ்சியிருப்போர் முதியோரும் நோயாளரும் பிள்ளைகளுந்தாம். பிள்ளையை உள்ளே விட்டு வெளியே பூட்டிச் செல்வதை ஒருபோதும் செய்யலாகாது. சிறுவரைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விடுவதே தக்கது. எந்தக் காம்பராவில் நடக்கமுடியாத பாட்டி இருக்கிறார், அவரைத் தூக்குபவர் யார், எல்லாரும் கூடுமிடம் கோவிலா கொழுந்து மடுவமா என்பவற்றை லயத்தார் முன்கூட்டியே பேசி முடிவுசெய்ய வேண்டும். இஸ்தோப்பில் சாமான் குவியாதிருக்கட்டும். வாசலில் நீர் நிறைந்த பீப்பாயும் மணல்வாளியும் இருக்கட்டும். தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119 என்பவற்றைச் சுவரில் எழுதி வைப்பதோடு, கிட்டிய நகர மன்றத்தின் நேரடி இலக்கத்தையும் கேட்டு எழுத வேண்டும். மலைப்பாதையில் வண்டி ஏறிவரும் வரை கையிலிருக்கும் நீரும் மண்ணுமே துணை.

வெந்த உடலுக்கு

பீலித் தண்ணீரை வெந்த இடத்தின்மீது 20 நிமிடம் ஓடவிடுவதே முதல் வைத்தியம். காயம்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. மலைநீர் கடுங்குளிராதலால், வெந்த இடத்தை மட்டும் நனைத்து மற்ற சரீரத்தைக் கம்பளியால் போர்த்த வேண்டும். குழந்தைகளுக்கு இது மிக முக்கியம். வளையல், மோதிரங்களை வீக்கம் வருமுன் கழற்றலாம். ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது. பற்பசை, தேங்காயெண்ணெய், மை, முட்டை எதையும் பூசாமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முகமோ கையோ வெந்தவரையும், புகை குடித்துக் குரல் கம்மியவரையும் அங்கு கொண்டுசெல்லச் சிறிதும் தாமதிக்கலாகாது. 2017இல் இந்திய உதவியோடு டிக்கோயாவில் திறக்கப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை ஹற்றன் பகுதியாருக்குக் கிட்டியது.

பத்திரங்கள்

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினாலும், 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தினாலும், ஒரு காகிதம் இல்லாமையால் நாடற்றவராய் அலைந்த தலைமுறையின் சந்ததியாருக்கு, பிறப்புச் சான்றிதழ் எரிந்துபோவதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தேசிய அடையாள அட்டை, விவாகப் பதிவு, சேமலாப நிதி அட்டை, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், நோயாளியின் கிளினிக் கொப்பி ஆகியவற்றை ஒரே பையிலிட்டுக் கதவருகே ஆணியில் மாட்டி வைக்கலாம். உயிர்களெல்லாம் வெளியேறும்போது கைக்கெட்டினால் எடுக்கலாமேயன்றி, அதற்காக எவரும் திரும்ப உள்ளே நுழையலாகாது. ஆகையால் பிரதிகளை எடுத்து, அதே லயத்தில் வைக்காமல், மேல் டிவிசனிலோ நகரத்திலோ இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு கட்டாகக் கொடுத்துவைப்பது நல்லது.