தாய்மாரின் கட்டைவிரல் வலி

பச்சிளங் குழந்தையை அடிக்கடி தூக்குவோருக்கு மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக ஏற்படும் வலி டி குவெர்வைன் நோய் எனப்படுகிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் பிரிட்சு டி குவெர்வைன் 1895ஆம் ஆண்டில் இதனை விவரித்தார்.

காரணம்

கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறை வழியாகச் செல்கின்றன. கட்டைவிரலை விரித்து, குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்கும்போது இவை உறையில் உராய்கின்றன. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டியிருப்பதால் இந்த உராய்வு மீண்டும் மீண்டும் நிகழ்ந்து, உறை தடித்து வலிக்கிறது.

தடுக்கும் முறை

விரல்களைச் சேர்த்து, ஒரு கையைத் தலைக்கும் கழுத்துக்கும் அடியிலும் மறு கையைப் பிட்டத்தின் அடியிலும் கொடுத்து, மணிக்கட்டை வளைக்காமல் தூக்க வேண்டும். பாலூட்டும்போது மடியில் தலையணை வைத்தால் கையில் பாரம் குறையும். தந்தையும் முறைவைத்துத் தூக்கினால் தாயின் கைக்கு ஓய்வு கிடைக்கும். பிள்ளை பெற்றவளுக்கு வலி இயல்பே என்று பொறுத்துக்கொள்ளாமல், வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.