இணங்க மறுக்கும் பாத்திரங்கள்

வாசகரின் சொல்லுக்கும் செயலுக்கும் ஏற்பப் போக்கு மாறும் கதையை ஊடாடும் கதை என்பர். அதில் ஆட்டக்காரர் தாமாகத் தட்டச்சு செய்யும் எந்தப் பேச்சுக்கும் மறுமொழி தரும்படி கணினி நிரலால் இயக்கப்படுபவை உரையாடல் பாத்திரங்கள். ஏராளமான எழுத்துகளில் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதும் மொழி மாதிரிகள் வந்தபின், இத்தகைய பாத்திரத்தைச் சில வரி விவரிப்பிலேயே எவரும் உருவாக்கிவிட முடிகிறது. அவற்றின் சரளம் வியப்புக்குரியதே. ஆனால் தனக்கென ஒரு விருப்பம் கொண்டு, எதிரிலிருப்பவருக்கு எளிதில் இணங்காத பாத்திரமே கதைக்குள் நிலைக்கும். மொழி மாதிரிகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே இதைத் தெளிவாகக் காட்டிய படைப்பு ஃபசாட்.

மைக்கேல் மேட்டியஸ், ஆண்ட்ரூ ஸ்டெர்ன் ஆகிய இருவர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உழைத்து 2005இல் இலவசமாக வெளியிட்ட இந்த ஆட்டத்தின் வேர், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் பேட்ஸ் நடத்திய ஓஸ் ஆய்வுத் திட்டத்தில் இருக்கிறது. நம்பத்தக்க பாத்திரத்துக்கு அறிவுக்கூர்மையைவிட உணர்ச்சியின் வெளிப்பாடே முதன்மை என்பது பேட்ஸின் நிலைப்பாடு. கதை நடப்பது ஒரே அடுக்குமாடி வீட்டில், சுமார் 20 நிமிடங்களுக்குள். பழைய நண்பராக அழைக்கப்பட்டு வரும் ஆட்டக்காரர், கதவைத் தட்டும் முன்பே கணவன் டிரிப்பும் மனைவி கிரேஸும் உள்ளே வாக்குவாதம் செய்வதைக் கேட்கிறார். கதவு திறந்ததும் இருவரும் சிரித்த முகத்தோடு வரவேற்கின்றனர். டிரிப் மது கலந்து தர முனைகிறான், கிரேஸ் தான் செய்த அறை அலங்காரத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறாள். அலங்காரம் அழகு என்பதும், மது வேண்டும் என்பதும் வெறும் உபசார வார்த்தைகளாக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் இருவரில் ஒருவர் பக்கம் சாய்வதாகவே கொள்ளப்பட்டு, மற்றவரின் மனத்தாங்கலை வளர்க்கிறது.

இதன் உள்ளமைப்பு நுணுக்கமானது. தட்டச்சு செய்த வாக்கியத்தின் முழுப்பொருளும் நிரலுக்கு எட்டுவதில்லை. உடன்படுதல், மறுத்தல், புகழ்தல், குறைகூறுதல், ஆறுதல் சொல்லுதல் போன்ற பேச்சுச் செயல்களுள் ஒன்றாக அதை வகைப்படுத்துகிறது. பின்னர் நாடக மேலாளர் எனப்படும் பகுதி, கதையின் இறுக்கம் அந்தக் கட்டத்தில் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்று பார்த்து, எழுதிவைக்கப்பட்ட சிறு நாடகத் துணுக்குகளுள் பொருத்தமானதை அடுத்து நிகழ்த்துகிறது. வசனங்கள் அனைத்தும் நடிகர்கள் முன்பே பேசிப் பதிவு செய்தவை. ஆகவே ஆட்டக்காரரின் பேச்சு பலவேளை தப்பர்த்தம் செய்யப்படுகிறது. ஒன்றுமறியாமல் தட்டிய சொல்லுக்கு டிரிப் சினந்து, விருந்தினரை வெளியேற்றிவிடுவதும் உண்டு. இவ்வளவு குறை இருந்தும் இருவரும் மனத்தில் தங்குகின்றனர். ஏனெனில் திருமணத்தில் அவர்கள் எதை மறைக்கின்றனர், எந்த அழுத்தத்தில் அது வெடித்து வெளிவரும் என்பதை ஆசிரியர்கள் முன்பே தீர்மானித்திருந்தனர்.

ஜிபிடி-2 என்னும் மொழி மாதிரியைக் கொண்டு 2019இல் வந்த ஏஐ டஞ்சன் என்ற ஆட்டம் இந்தக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டது. ஆட்டக்காரர் எதை எழுதினாலும் கதை அதை ஏற்று நீண்டது. ஆனால் மாதிரி ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளக்கூடிய எழுத்தின் அளவு சிறிதென்பதால், முன்பு நடந்தவை விரைவில் மறந்துபோயின. மறதிக்கு மருந்து கிடைத்துவருகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூகுள் ஆய்வாளர்களும் 2023இல் 25 பாத்திரங்கள் வாழும் சிற்றூர் ஒன்றைக் கணினியில் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் நினைவுப் பதிவேடு தந்தனர். அண்மை, முக்கியத்துவம், பொருத்தம் ஆகிய மூன்றையும் கொண்டு எந்த நினைவை மீட்பது என்பது முடிவாகும். ஆனால் அங்கே காதலர் தின விருந்து ஏற்பாடு செய்த இசபெல்லா என்ற பாத்திரத்திடம், ஷேக்ஸ்பியர் வாசிப்பு நடத்தலாம், தொழில்துறையினர் சந்திப்பு வைக்கலாம் என்று பிறர் யோசனை சொன்னபோது, தன் இயல்புக்கு ஒவ்வாத போதிலும் அவள் அரிதாகவே மறுத்தாள்; நாளடைவில் பிறர் ஆர்வங்களே அவள் ஆர்வங்களாகவும் ஆயின.

கட்டளைக்கு ஒழுங்காகக் கீழ்ப்படியும்படி மாதிரிக்குத் தரப்படும் கூடுதல் பயிற்சியே இந்த இணக்கத்துக்குக் காரணமாகலாம் என்று அந்த ஆய்வாளர்களே கருதினர். உதவியாளருக்கு அப்பயிற்சி அழகு. ரகசியம் காக்கும் மனைவியாக நடிக்கும் பாத்திரத்துக்கு அதுவே கேடு. சரளமாகப் பேசும் வாயை மாதிரியிடம் விட்டுவிட்டு, அதன்மேல் நாடக மேலாளர் போன்ற ஓர் அடுக்கை மீண்டும் வைப்பதே தக்க வழியாகத் தோன்றுகிறது. அப்போதும் எந்தக் கேள்விக்கு அவள் பேச்சை மாற்றுவாள், எந்தச் சொல்லுக்கு எழுந்து போவாள், எவ்வளவு வற்புறுத்தினால் உண்மையைச் சொல்வாள் என்பதை ஒரு கதாசிரியர் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.