‘படித்ததில் பிடித்தது’ சரி... எழுதியது யார்? ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கதைத் தேடல்!

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டும் கிடைத்துவிட்டால், ஸ்ரீரங்கம் போய் இறங்குவதற்குள் ஒரு சிறுகதையைப் படித்து முடித்துவிடலாம். காவிரிப் பாலத்தில் டிராஃபிக் நின்றால் இரண்டாவது கதையையும் தொடங்கலாம். செல்போனில் கதை படிக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியம்மா ஒரு கதையை ஃபார்வர்டு செய்திருந்தார். கணவர் இறந்த பிறகு, அவர் பெயரில் இருக்கும் கேஸ் கனெக்‌ஷனைத் தன் பெயருக்கு மாற்ற அலையும் ஓர் அம்மாவின் கதை. அழவைக்க வேண்டும் என்று எழுதப்பட்டது இல்லை. ஆனால், விண்ணப்பத்தில் ‘உறவுமுறை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் அந்த அம்மா பேனாவைக் கீழே வைக்கும் இடத்தில், நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே தவறவிட்டேன்.

கதையின் முடிவில் எழுத்தாளர் பெயர் இல்லை. ‘படித்ததில் பிடித்தது’ என்ற இரண்டு வார்த்தைகளும் கைகூப்பும் எமோஜிகளும் மட்டும்தான்.

“யார் எழுதினது பெரியம்மா?” என்று கேட்டேன்.

“யாரோ எழுதியிருக்காங்கடா. நல்லா இருந்துச்சு, அனுப்பினேன்.”

அந்த ‘யாரோ’வைத் தேடித்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

ஒரு வரி போதும்... ஆளைப் பிடித்துவிடலாம்!

கதையிலிருந்து கொஞ்சம் வித்தியாசமான ஒரு வரியை காப்பி செய்து, இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் போட்டு கூகுளில் தேடினேன். முதலில் வந்தவை எல்லாம் அதே கதையைப் பெயரில்லாமல் போட்டிருந்த முகநூல் பக்கங்கள். ஒன்றில் தலைப்பையே மாற்றியிருந்தார்கள். இன்னொன்றில், பகிர்ந்தவரையே எழுதியவர் என்று நினைத்து வாழ்த்து மழை. கொஞ்சம் கீழே போனதும் ஓர் இணைய இதழின் பக்கம் கிடைத்தது. தலைப்பு, எழுதியவரின் பெயர், தேதி எல்லாம் இருந்தன. எழுத வந்து அதிக நாள் ஆகாதவர் என்று குறிப்பு சொன்னது.

பெயரையும் லிங்க்கையும் குரூப்பில் போட்டேன். பத்து நிமிடத்தில் பெரியம்மாவிடமிருந்து மெசேஜ்: “இவங்க வேற என்ன எழுதியிருக்காங்க?”

பெயர் தெரியாதவரை அது ஒரு ஃபார்வர்டு. பெயர் தெரிந்ததும் அடுத்த கதையைக் கேட்கும் வாசகி ஒருவர் கிடைத்துவிட்டார். புதிதாக எழுதுபவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தொலைந்துபோன முதல் கதை

பெயரும் பிரதியும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. கீழச் சித்திரை வீதியில் பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜன் என்ற இளைஞரின் முதல் சிறுகதை 1953-ல் அச்சேறியது. வெளியிட்டது, திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ‘சிவாஜி’ என்ற பத்திரிகை. அதன் ஆசிரியர் கவிஞர் திருலோக சீதாராம். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’வைத் தமிழில் மொழிபெயர்த்தவர், பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் கடைசிக் காலத்தில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர்.

அந்த இளைஞர்தான் பின்னாளில் சுஜாதா!

கதை வெளியானபோது அவருக்கு வயது 18. அடுத்து ‘குமுதம்’ இதழில் ‘இடது ஓரத்தில்’ என்ற கதை வெளியாகி, வாசகர்கள் அவரைக் கவனிக்கத் தொடங்கியது 1962-ல். நடுவில் ஒன்பது ஆண்டுகள்! அந்த முதல் கதையின் பிரதி அவரிடமே இல்லாமல் போனது. யாரிடமாவது இருந்தால் கொடுங்கள் என்று வாசகர்களிடம் வேடிக்கையும் ஏக்கமுமாகக் கேட்டு எழுதியிருக்கிறார். தமிழ்நாடே கொண்டாடிய எழுத்தாளரின் முதல் கதைக்கே இந்தக் கதி என்றால், நேற்று ஒரு இணைய இதழில் முதல் கதை எழுதியவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பெயர் சொன்ன பெரியவர்

தன் முதல் கதையைத் தொலைத்த சுஜாதா, மற்றவர்களின் எழுத்தைத் தொலையவிடவில்லை. டெல்லியில் தொடங்கப்பட்ட ‘கணையாழி’ இதழின் கடைசிப் பக்கத்தை அவர் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்ற பெயரில் எழுதினார். அதிலும், பிறகு ‘ஆனந்த விகட’னில் எழுதிய ‘கற்றதும் பெற்றதும்’ தொடரிலும், தான் படித்துப் பிடித்துப்போன புதியவர்களைப் பெயரோடு அறிமுகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

இளைஞராக இருந்த நா.முத்துக்குமாரின் ‘தூர்’ கவிதையைக் கணையாழி விழா மேடையில் அவர் வாசித்துப் பாராட்டியதை இன்றும் பலர் நினைவுகூர்கிறார்கள். பின்னாளில் இரண்டு முறை தேசிய விருது பெற்ற பாடலாசிரியருக்குக் கிடைத்த ஆரம்பகாலக் கைதட்டல்களில் அதுவும் ஒன்று.

இணையம் வந்ததும் சுஜாதா அங்கேயும் போனார். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘அம்பலம்’ என்ற இணைய இதழுக்கு ஆசிரியராக இருந்தார். வாசகர்களோடு சாட்டில் பேசினார். 2008-ல் அவர் மறைந்த பிறகு, அவர் பெயரில் ‘உயிர்மை’ விருதுகளை வழங்கியபோது, சிறுகதை, நாவலோடு இணைய எழுத்துக்கும் ஒரு பிரிவு இருந்தது. உயிர்மையின் ஆசிரியர் மனுஷ்ய புத்திரனும் நம்ம திருச்சி மாவட்டத்துக்காரர்தான், ஊர் துவரங்குறிச்சி.

‘அவர் சுஜாதா, சொன்னால் எடுபடும். நான் சொன்னால் யார் கேட்பார்கள்?’ என்று தோன்றலாம். உங்கள் குடும்ப குரூப்பில் முப்பது பேர் இருக்கிறார்கள் இல்லையா? அவர்கள் கேட்பார்கள்!

மாதம் ஒரு கதை... 1970-லிருந்து!

நல்ல கதையைத் தேடிப் பிடிப்பதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்தவர்கள் உண்டு. சென்னையில் 1970-ல் ப.லட்சுமணன், ப.சிதம்பரம் சகோதரர்கள் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு செய்தது ரொம்ப எளிமையான விஷயம். அந்த மாதம் பத்திரிகைகளில் வந்த கதைகளை ஒருவர் படித்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். வருட முடிவில் இப்படிச் சேர்ந்த 12 கதைகளிலிருந்து ஒன்று, ஆண்டின் சிறந்த கதையாகத் தேர்வாகும். அவை புத்தகமாகவும் வரும்.

அமெரிக்காவில் எட்வர்ட் ஓ’பிரையன் என்பவர் 1915-லேயே இதைத் தொடங்கினார். அந்த ஆண்டில் இதழ்களில் வந்த கதைகளைப் படித்து, சிறந்தவற்றைத் தொகுத்து வெளியிட்டார். நூறு ஆண்டுகள் தாண்டியும் அந்தத் தொகுப்பு ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது.

இரண்டிலும் யாரோ ஒருவர் பொறுமையாகப் படித்து, ‘இது நல்ல கதை, எழுதியவர் இவர்’ என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்ய இன்று நமக்கு ஒரு செல்போன் போதும்.

எங்கே தேடலாம்?

*திண்ணை:* 1999-லிருந்து இயங்கும் இணைய இதழ். தமிழ் இணையத்தின் மூத்த வீடுகளில் ஒன்று. பழைய இதழ்களுக்குள் நுழைந்தால், இன்று பிரபலமாக இருக்கும் சிலரின் தொடக்ககால எழுத்துகள் கிடைக்கும்.

*சொல்வனம்:* 2009-ல் தொடங்கியது. மாதம் இருமுறை வருகிறது. புதியவர்களின் கதைகளோடு மொழிபெயர்ப்புகளையும் படிக்கலாம்.

*அரூ:* அறிவியல் புனைவு, மாயக்கதை பிடித்தவர்களுக்கானது. அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்திப் புதியவர்களை எழுதவைத்த இதழ். ‘என் இனிய இயந்திரா’ படித்து வளர்ந்த அப்பாக்களுக்கும், ரோபோ பிரியர்களான பிள்ளைகளுக்கும் சேர்த்தே சிபாரிசு செய்யலாம்.

*கனலி:* கதை, நேர்காணல், மொழிபெயர்ப்பு என்று நிதானமாகப் படிக்க நிறைய இருக்கும்.

*வல்லினம், பதிவுகள்:* முதலாவது மலேசியாவிலிருந்தும், இரண்டாவது கனடாவிலிருந்தும் வருபவை. ரப்பர் தோட்டத்துத் தமிழையும் பனி கொட்டும் ஊரின் தமிழையும் நம் ஊர் பஸ்ஸில் உட்கார்ந்தே படித்துவிடலாம்.

*பிரதிலிபி:* பெங்களூருவில் 2014-ல் தொடங்கப்பட்ட தளம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் கதைகள் குவிந்துகிடக்கின்றன. இங்கே பொறுமை முக்கியம். முகப்பில் தெரிபவை பெரும்பாலும் ஏற்கெனவே பலர் படித்தவையும் நீண்ட தொடர்களும்தான். ‘சிறுகதை’ பகுதிக்குள் போய், குறைவான பேர் படித்திருக்கும் பக்கங்களையும் திறந்து பாருங்கள். மார்கெட்டில் கீழே இருக்கும் தக்காளியையும் புரட்டிப் பார்த்துத்தானே எடுப்போம்!

நல்ல கதையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் இலக்கிய விமர்சகர் இல்லை. தினமும் ஒரு கதையாவது படிப்பவன் என்ற முறையில் நான் கடைப்பிடிக்கும் சில வழிகள் இவை.

1. முதல் மூன்று பத்திகளில் ஒரு மனிதரோ ஓர் இடமோ கண்முன் தெரிகிறதா என்று பார்ப்பேன். தத்துவம் மட்டுமே இருந்தால் அடுத்த கதைக்குப் போய்விடுவேன்.

2. ஒரு கதை பிடித்தால், அதே எழுத்தாளரின் இன்னொரு கதையை உடனே படிப்பேன். இரண்டும் பிடித்தால் பெயரைக் குறித்துக்கொள்வேன்.

3. எழுத்துப்பிழைகளுக்காக மட்டும் ஒரு கதையை ஒதுக்குவதில்லை. புதிதாக எழுதுபவருக்குப் பிழை திருத்திக் கொடுக்க யாரும் இல்லாமல் இருக்கலாம்.

4. மறுநாள் காலையில் பல் துலக்கும்போதும் அந்தக் கதை நினைவுக்கு வந்தால், அதுதான் நான் அடுத்தவருக்குச் சொல்லும் கதை.

எப்படிப் பகிர்வது?

இங்கேதான் நாம் எல்லோருமே தவறு செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். இனிமேல் இப்படிச் செய்து பாருங்கள்.

* முழுக் கதையையும் காப்பி - பேஸ்ட் செய்யாமல், லிங்க்கை அனுப்புங்கள். வாசகர் அந்தப் பக்கத்துக்குப் போனால்தான் எழுதியவருக்கும் இதழுக்கும் அது தெரியும்.

* தலைப்பு, எழுதியவர் பெயர், இதழின் பெயர் மூன்றையும் மேலேயே எழுதிவிடுங்கள்.

* ஏன் பிடித்தது என்று ஒரே ஒரு வரி சேருங்கள். ‘சூப்பர்’ வேண்டாம். ‘கேஸ் ஏஜென்சிக்குப் போன நம்ம அத்தை ஞாபகம் வந்தது’ என்றால் படிக்காதவரும் திறந்து பார்ப்பார். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

* பெயரில்லாமல் வந்த கதை என்றால், ஒரு வரியைக் கூகுளில் போட்டுத் தேடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டாக வந்திருந்தால் கூகுள் லென்ஸ் மூலம் எழுத்துகளை எடுத்துத் தேடலாம். கிடைக்கவில்லையா? ‘எழுதியவர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும்’ என்று சேர்த்து அனுப்புங்கள்.

* கதை பிடித்திருந்தால் எழுதியவருக்கே இரண்டு வரி எழுதுங்கள். முதல் கதை எழுதிவிட்டு, யாராவது படித்தார்களா என்று தெரியாமல் காத்திருப்பவருக்கு அந்த இரண்டு வரிதான் அடுத்த கதைக்கான சம்பளம்.

காகிதம் மட்டுமா தொலையும்?

இணையத்தில் போட்டால் எப்போதும் இருக்கும் என்று நாம் நம்புகிறோம். ஆனால், இதழ் நின்றால், தளத்துக்குப் பணம் கட்ட ஆள் இல்லாமல் போனால், கதைகளும் சேர்ந்தே காணாமல் போகும். சுஜாதா ஆசிரியராக இருந்த ‘அம்பல’மே பிறகு நின்றுபோனது. என் புக்மார்க்கில் நான் சேர்த்துவைத்த கதைகளிலும் சில லிங்க்குகள் இப்போது திறப்பதில்லை. அதில் ஒரு கதையை எழுதியவரின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. அன்றைக்கே குறித்துவைத்திருக்கலாம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ அமைப்பின் ‘வேபேக் மெஷின்’ பக்கத்துக்குப் போய், கதையின் லிங்க்கை ஒட்டி, ‘சேவ் பேஜ்’ பட்டனை அழுத்தினால், அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று அங்கே சேமிக்கப்படும். இலவசம்தான், ஒரு நிமிட வேலை. எழுதுபவர்கள் தங்கள் கதையின் ஒரு பிரதியை மெயிலிலும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1953-ல் இந்த வசதி இல்லை. நமக்கு இருக்கிறது.

எங்கள் குடும்ப குரூப்பில் இப்போது ஒரு புது வழக்கம். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அந்த மாதம் படித்ததில் பிடித்த ஒரு கதையின் லிங்க்கை ஒருவர் போட வேண்டும். முறை வைத்து மாறி மாறி வரும். போன மாதம் பத்தாவது படிக்கும் தம்பியின் முறை. ஒரு பேய்க்கதை போட்டு எல்லோரையும் அலறவிட்டான். அடுத்தது பெரியம்மாவின் முறை. அந்த கேஸ் கனெக்‌ஷன் கதை எழுதியவரின் மூன்று கதைகளைப் படித்துவிட்டு, எதைப் போடுவது என்று குழம்பிக்கொண்டிருக்கிறார்.

“கடைசிக் கதைதான்டா பெஸ்ட். ஆனா, முதல் கதையைப் படிக்காதவங்களுக்கு இவங்க யாருன்னே தெரியாதே!” என்கிறார்.

பெரியம்மா இப்போது ‘யாரோ’ என்று சொல்வதில்லை. பெயர் சொல்லித்தான் பேசுகிறார்.

இன்று பஸ்ஸிலோ, சாப்பாட்டு இடைவேளையிலோ, பேர் தெரியாத ஒருவரின் கதையைத் திறந்து படியுங்கள். பிடித்திருந்தால் ஒருவருக்காவது அனுப்புங்கள்... பெயரோடு!