ஒரே வானம், மூன்று கணக்குகள்

தமிழகத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஐப்பசி என்றாலே அடைமழை. பணி மாற்றலில் ஹைதராபாத் வந்த எனக்கு இந்நகரம் முதலாண்டிலேயே வேறொரு பாடம் சொல்லித் தந்தது. தென்மேற்குப் பருவமழை அக்டோபர் நடுவில் இங்கிருந்து விடைபெறுகிறது. அடுத்து வரும் வடகிழக்குப் பருவமழையின் பெரும்பங்கு தமிழகத்துக்கும் தென் ஆந்திரக் கரைக்குமே உரியது. தக்காணத்தில் வானம் தெளிகிறது. நவம்பரின் சில இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. மக்கள் குடையை மடித்துப் பரணில் வைத்துவிடுகிறார்கள்.

ஆனால், அக்டோபரும் நவம்பரும் வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் மாதங்கள். ஆந்திரக் கரையில் ஏறும் தாழ்வு மண்டலம் மேற்கு நோக்கி நகர்ந்தால், கடலே இல்லாத ஹைதராபாத் அதன் பாதையில் நிற்கிறது. 2020 அக்டோபர் 13 அன்று காலை காக்கிநாடா அருகே கரையைக் கடந்த ஆழ்ந்த தாழ்வு மண்டலம் அன்றே தெலங்கானாவை அடைந்தது. பேகம்பேட்டையில் ஒரே நாளில் சுமார் 19 செ.மீ. மழை பதிவாயிற்று. ஹிமாயத் சாகரின் மதகுகள் திறக்கப்பட்டன. மூசி ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது.

அன்று நான் பணிபுரிந்த கிளையின் வாடிக்கையாளரான துணி வியாபாரி ஒருவர், தீபாவளிச் சரக்கு முழுவதையும் கடையின் அடித்தளத்தில் அடுக்கியிருந்தார். எச்சரிக்கை அவர் கைபேசிக்கு வந்தே இருந்தது. “ஓரிரு இடங்களில் என்றுதானே சார் போட்டிருந்தது? அது நம் தெருவாகவா இருக்கும் என்று நினைத்துவிட்டேன்” என்றார். மறுநாள் காலை அங்கே இடுப்பளவு நீர். சரக்குக்குக் காப்பீடு இருந்தது. ஆனால் பாலிசியில் இருந்த முகவரி, ஓராண்டுக்கு முன் அவர் காலி செய்த கிடங்கினுடையது. மாற்றத்தை அவர் தெரிவிக்கவில்லை. கடன் புதுப்பிப்பின்போது நானும் கேட்கவில்லை. வானிலை அறிக்கையை வாசிக்கக் கற்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் வந்தது.

சொற்களின் பொருள்

“ஓரிரு இடங்களில்” என்பது மழுப்பலான சொல் அன்று. அதற்கு அளவு உண்டு. ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை மழை பெறும் என்பதே அதன் பொருள். எத்தனை இடங்களில் என்பதை அது சொல்கிறது. எவ்வளவு பெய்யும் என்பதை அன்று. அளவைச் சொல்பவை வேறு சொற்கள்: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.5 மி.மீ. முதல் அதி கனமழை. “ஓரிரு இடங்களில் அதி கனமழை” என்றால் இடம் குறைவு. பெய்யும் இடத்திலோ இழப்பு பெரிது. நிறங்களும் அவ்வாறே. மஞ்சள் கவனிக்கச் சொல்கிறது, ஆரஞ்சு ஆயத்தமாகச் சொல்கிறது, சிவப்பு உடனே செயல்படச் சொல்கிறது.

நிலத்தில்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 100 மி.மீ. பெய்தால் ஏறத்தாழ 9,300 லிட்டர். வடிகால் அடைபட்டிருந்தால் அது எங்கே போகும் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அறுவடையான நெல் களத்தில் காயும் பருவமும் இதுவே. ஆரஞ்சு நிறம் கண்ட அன்றே தார்ப்பாய் தயாராக இருக்க வேண்டும். நீரில் மூழ்கிய வாகனத்தை இயக்க முயலாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே உள்ள வாகனத்துக்கு வெள்ளச் சேதத்தில் ஒரு ரூபாயும் கிடைக்காது.

வானில்

விமானிக்கு இப்பருவத்தின் கவலைகளில் மூடுபனியும் ஒன்று. மழைக்குப் பின் ஈரமான தரை, தெளிந்த வானம், காற்றில்லா இரவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் தரை விரைவில் குளிர்ந்து, அதையொட்டிய ஈரக்காற்று பனியாகிறது. பார்வைத் தொலைவு 1,000 மீட்டருக்குக் கீழே குறைந்தால் அதை மூடுபனி என்பர். நகருக்கு வெளியே திறந்தவெளியில் அமைந்த சம்ஷாபாத் விமான நிலையத்தில் இதனால் சில அதிகாலை விமானங்கள் தாமதமாவதும் வேறு ஊருக்குத் திருப்பப்படுவதும் உண்டு. வெயில் ஏறினால் பனி விலகும். தவறவே கூடாத பயணமெனில் முற்பகல் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். வானிலையால் விமானம் ரத்தானால் மாற்றுப் பயணமோ கட்டணமோ கேட்கலாம். இழப்பீடு கோர இயலாது.

ஏரியில்

ஹுசேன் சாகரில் பாய்மரப் போட்டிகள் ஜூலை, ஆகஸ்டில் களைகட்டும். பாய்களுக்கு வேண்டியது பருவக்காற்று. நவம்பரில் காற்று தணிவதால் புத்தர் சிலைக்குப் படகில் செல்வோருக்கு இது இனிய காலம். நாகார்ஜுன சாகர் போன்ற பெரிய நீர்த்தேக்கத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பரந்த நீர்ப்பரப்பில் காற்று தடையின்றி ஓடி அலையை வளர்க்கும். கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிவையுங்கள். இடி கேட்டால் கரைக்குத் திரும்புங்கள். உயிர்காக்கும் அங்கியின் கொக்கிகளைப் படகு புறப்படும் முன்பே பூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே செய்யத்தக்கவை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ‘மௌசம்’ செயலியையும், மின்னலை எச்சரிக்கும் ‘தாமினி’ செயலியையும் கைபேசியில் நிறுவிக்கொள்ளுங்கள். அடுத்த 3 மணி நேரத்துக்கான முன்னறிவிப்பை, வெளியே புறப்படும் முன் ஒருமுறை பாருங்கள். பின்னர் உங்கள் காப்பீட்டுப் பாலிசியை எடுத்து மூன்றே மூன்றைச் சரிபாருங்கள்: முகவரி, தொகை, முடிவுத் தேதி. முகவரி மாறியிருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கிளைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அந்த வியாபாரி மீண்டும் கடன் பெற்று, மூன்று ஆண்டுகளில் நிமிர்ந்தார். இப்போது அவர் சரக்கு முதல் தளத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அக்டோபர் முதல் வாரத்திலும் பாலிசியுடன் கிளைக்கு வந்துவிடுவார். “முகவரியை ஒருமுறை படித்துவிடுங்கள் சார்” என்பார். அவருக்காகத் தொடங்கிய பழக்கம். இன்று என் மேசைக்கு வரும் ஒவ்வொரு பாலிசியிலும் நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.