தானியங்கிக் கியரின் நோய் அறிதல்

ஆரணியில் பட்டுத் தறி ஓடும் தெருவொன்றில் சற்று நேரம் நின்றால், தறியின் தலைமேல் ஜக்கார்டுப் பெட்டி ஏறி இறங்கும் ஓசை காதில் விழும். பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய பொறி அது. எந்தப் பாவு இழை எழவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளே தெரிந்தெடுக்கின்றன. புடவையில் பிழை கண்டால் கைதேர்ந்த நெசவாளர் உடனே பெட்டியைக் கழற்றமாட்டார். பூ திரும்பி வரும்போதெல்லாம் அதே ஊடையில் பிழை வருகிறதா? அட்டையைப் பார்ப்பார். நீளவாட்டில் ஒரே கோடாக ஓடுகிறதா? கொக்கியையும் அதில் தொங்கும் நூலையும் பார்ப்பார்.

தானே கியர் மாற்றிக்கொள்ளும் பிக்கப் வண்டியின் கோளாறுகளையும் இந்த முறையிலேயே ஆராயலாம் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. பட்டும் அரிசியும் ஏற்றிச் செல்லும் நம் பக்கத்துச் சிறு வண்டிகளில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுவனவே. ஆயினும் இசுஸு வி-கிராஸ், 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் ஆறு கியர் கொண்ட தானியங்கிப் பெட்டியும் வந்துவிட்டது. அதன் இயல்பு அறியாதவரிடம் வண்டியை விட்டால், "பெட்டியையே மாற்ற வேண்டும்" என்ற தீர்ப்பு எளிதில் வந்துவிடும். ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயை விழுங்கும் தீர்ப்பு அது.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால், அதன் காற்றால் மற்றதும் சுழலும். இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சினின் விசையைக் கியர்ப் பெட்டிக்குக் கடத்துவது அந்த எண்ணெய். கிளச்சுத் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைத் தணிப்பதும் அதுவே. ஆகவே முதல் சோதனை எண்ணெய்ச் சோதனைதான். அளவுகோல் உள்ள வண்டிகள் பெரும்பாலானவற்றில், சமதரையில் நிறுத்தி, எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் அளவுகோலே இல்லை. பட்டறையில் உயர்த்தி, குறிப்பிட்ட வெப்பநிலையில் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தாலும் கெடுதல். மிகுந்தாலும் நுரைத்துக் கெடுக்கும். சிவப்பாக ஊற்றிய எண்ணெய் கறுத்துக் கருகல் நாற்றம் வீசினால் தட்டுகள் தேய்ந்திருக்கக்கூடும். இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தாலோ ரேடியேட்டர் நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அதன்பின் வண்டியை ஓட்டலாகாது. சிலர் இந்த எண்ணெய் வண்டியின் ஆயுள் முழுவதும் தாங்கும் என்பர். யாருடைய ஆயுளைக் கருதிச் சொல்கிறார்களோ!

அடுத்து நெசவாளரின் கேள்வி: கோளாறு எல்லாக் கியரிலுமா, ஒன்றிலா? இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மட்டும் எஞ்சின் வீணே இரைந்தால், அந்த மாற்றத்துக்குரிய கிளச்சையோ, எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்வால்வையோ ஐயுற வேண்டும். எல்லாக் கியரிலும் வழுக்கினாலும், எல்லாவற்றிலும் உதைத்து மாறினாலும் குறை பொதுவானது: எண்ணெய், பம்பு, அழுத்தம், மின்சாரம். குளிர்ந்திருக்கையில் நன்றாக ஓடி, சூடேறியதும் வழுக்கினால் உள்ளே ரப்பர் அடைப்புகள் கசியலாம். இதைக் கண்டறியப் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைச்சாலை போதும்.

வண்டி ஒரே கியரில் நின்றுவிட்டு எதற்கும் மாறாதிருந்தால் பலரும் அஞ்சுவர். ஏதேனும் ஓர் உணர்கருவியின் செய்தியில் ஐயம் வந்ததும், பெட்டியைக் காக்க வேண்டிக் கணினியே அப்படிப் பிடித்து வைத்துக்கொள்வதுண்டு. எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டி அவ்வாறு நின்றது. பட்டறை ஒன்றில் பெட்டிக்கே விலை சொன்னார்கள். பின்னர் வேறொருவர் கணினியின் குறியெண்ணைப் படித்து, வேக உணர்கருவியின் மின்இணைப்பில் பச்சை பூத்திருந்ததைக் கண்டு துடைத்தார், வண்டி ஓடிற்று. பாட்டரி முனைகளையும் இவ்வாறே முதலில் பார்ப்பது நல்லது.

ஒரே சீரான வேகத்தில் செல்கையில் மேடு பள்ளமில்லாமலே வண்டி நடுங்குவதுண்டு. எஞ்சினா, கியரா? ஆளில்லா நேர்சாலையில், முடுக்கியை விடாமல், பின்விளக்கு எரியுமளவு மட்டும் இடக்காலால் பிரேக்கைத் தொடுக. நடுக்கம் அக்கணமே நின்றால் பெரும்பாலும் விசைமாற்றியின் பூட்டுக் கிளச்சுதான் காரணம். உரிய எண்ணெயை மாற்றினாலே சில வேளை அது தீர்ந்துவிடும். நில்லாவிட்டால் எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

இவை யாவும் முடிந்தபின்னரே அடித்தட்டைக் கழற்ற வேண்டும். உள்ளிருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு, கவலை வேண்டா. கறுத்த நார்த்துகளும் மின்னும் உலோகச் சில்லும் கிடந்தால், அப்போது பெட்டியைத் திறக்கச் சம்மதிக்கலாம்.